சுவர் தந்த கலை. சுவர் மறைத்த பெயர்

மாளிகையிலே ஓவியம் இருந்தது; அதைக் காண மன்னனின் அழைப்பு வேண்டியிருந்தது. கோயிலிலே ஓவியம் இருந்தது. அதைக் காணப் பிறப்பு இடந்தர வேண்டியிருந்தது. செல்வன் வீட்டுக் கூடத்திலே ஓவியம் இருந்தது. அதைக் காண வாயிற்காவலன் வழிவிட வேண்டியிருந்தது. தெருச் சுவரிலே ஒட்டப்பட்ட ஓவியத்திற்கோ அழைப்பும் வேண்டியதில்லை, குலமும் வேண்டியதில்லை, காவலனின் கருணையும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்! மூட்டை சுமப்பவன் நின்று பார்த்தான். கூடைக்காரி நின்று பார்த்தாள். பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவன் பாடத்தை மறந்து நின்று பார்த்தான். "எட்டி நில்" என்று அவர்களை விரட்ட அங்கே எவரும் இல்லை.

அந்த ஓவியம்தான் திரைப்படச் சுவரொட்டி.

"சினிமாச் சுவரொட்டியும் ஒரு கலையா?" என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. அவர்களுக்கு விடைகூற வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றிலே தீர்க்கப்படாத வழக்கு ஒன்றும் இருக்கிறது. நாடே நின்று பார்த்த ஓவியத்தைத் தீட்டியவன் யார் என்று நாட்டிலே எவருக்கும் தெரியவில்லையே, ஏன்? இதுதான் அந்த வழக்கு.

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தவன் என் மாணவன். வகுப்பிலே ஒரு நாள் பழைய திரைப்படச் சுவரொட்டி ஒன்றின் படத்தைக் காட்டினேன். நடித்தவர் யார் என்றேன், வகுப்பே முழங்கிற்று. இயக்கியவர் யார் என்றேன், இரண்டொருவர் கூறினர். இதை வரைந்தவர் யார் என்றேன். அமைதி. பின்வரிசைச் சிறுவன் எழுந்தான். "சார், இதையெல்லாம் ஆள் வரைவாங்களா? மெஷின்லதானே அடிப்பாங்க?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைந்தவர் பெயர் எனக்கும் தெரியாது!

கல்லிலே பிறந்த கலை

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பவேரிய நாட்டில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர் இருந்தார். தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழிதேடிய அவர் கண்டதுதான் கல்லச்சு. நம் அச்சகத் தொழிலாளர் 'லித்தோ' என்று சொல்வது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மைக்கோலால் வரைய வேண்டும். பிறகு கல்லை நீரால் நனைக்க வேண்டும். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் மையை ஏற்காது. மை உருளையை உருட்டித் தாளை வைத்து அழுத்தினால், ஓவியனின் கோடு தாளிலே வந்து நிற்கும். செதுக்க வேண்டியதில்லை, எழுத்துக் கோக்க வேண்டியதில்லை. ஓர் ஓவியம் ஆயிரம் ஓவியமாகும். ஒருவன் வீட்டில் சிறைப்பட்டிருந்த கலை ஊருக்கு வரும்.

அந்தக் கலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜூல் ஷேரே. 1836ஆம் ஆண்டு பாரிசிலே பிறந்தவர். தந்தை அச்சுக்கோப்பவர், பரம்பரைச் செல்வமில்லை. 13ஆம் வயதிலே கல்லச்சுத் தொழிலாளியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். இலண்டன் சென்று தொழில் நுணுக்கம் கற்றுத் திரும்பி, 1866ஆம் ஆண்டிலே பாரிசில் வண்ணச் சுவரொட்டி அச்சிடத் தொடங்கினார். வண்ணத்திற்கொரு கல் வைத்து, சில கற்களிலேயே வண்ணக் களஞ்சியத்தைத் திறந்துகாட்டினார். ஆயிரத்திற்கு மேற்பட்ட சுவரொட்டிகள் அவர் கையிலிருந்து பிறந்தன.

காலமும் துணைநின்றது. 1881ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் பிரெஞ்சு நாட்டிலே அச்சுரிமைச் சட்டம் பிறந்தது. எழுதவும் அச்சிடவும் உரிமை தந்த அதே சட்டம்தான் சுவரொட்டிக்கும் உரிமை தந்தது. கருத்துக்குக் கதவு திறந்த நாளில்தான் ஓவியத்திற்கும் சுவர் திறந்தது என்பதை மறவாதீர்! பாரிசின் சுவர்கள் பூத்தன. இரவோடிரவாகச் சுவரொட்டிகளை உரித்தெடுத்துச் செல்லும் ஆர்வலர் கூட்டமே தோன்றிற்று.

1890ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசு தன் உயர்ந்த சிறப்பாகிய 'லெஜியன் தொனர்' விருதை ஷேரேக்கு வழங்கியது. அச்சுக்கோப்பவர் மகனுக்கு, அதுவும் தெருச்சுவர் ஓவியனுக்கு! ஒவ்வொரு சுவரொட்டியிலும் அவர் தம் பெயரைப் பொறித்தார். நாடு அந்தப் பெயரைப் படித்தது. அவர் 1932இல் மறைந்தார். நீஸ் நகரின் கலைக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முதல் சுவரொட்டியின் கதாநாயகன்

அசையும் படத்தையும் ஷேரேயின் கலையே முதலில் வரவேற்றது. 1892ஆம் ஆண்டிலே எமில் ரெய்னோ என்பவர் கையால் வரைந்த படங்களைச் சுருளாக்கி, ஒளிபாய்ச்சி, திரையிலே ஓடவிட்டார். அந்தக் காட்சிக்கான சுவரொட்டி ஷேரே வரைந்தது. மூன்றாண்டு கழித்து, 1895ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள், லூமியர் உடன்பிறந்தார் பாரிசு விடுதியொன்றின் நிலவறைக் கூடத்திலே கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். முதல் நாள் பணம் கொடுத்துப் பார்த்தவர் 33 பேர்.

அந்தப் புதுமையை ஊருக்கு அறிவிக்க ஆன்றி பிரிசுபோ என்ற ஓவியர் சுவரொட்டி வரைந்தார். அதிலே என்ன வரைந்தார்? நடிகனையா? நடிகையையா? இல்லை. படம் பார்க்க முண்டியடிக்கும் மக்கள் கூட்டத்தை வரைந்தார்! காவலரும் அந்த நெரிசலில் உண்டு, பாதிரியாரும் உண்டு. 1896ஆம் ஆண்டிலே மார்செலன் ஓசோல் இன்னொரு சுவரொட்டி தீட்டினார். தோட்டக்காரன்மேல் நீர் பீய்ச்சியடிக்கும் வேடிக்கைப் படத்திற்கானது அது. தனியொரு படத்திற்கென எழுந்த முதல் சுவரொட்டி என்று போற்றப்படுவது. அதிலும் திரை ஒரு புறம்; திரையைக் கண்டு சிரித்து மகிழும் மக்கள் மறுபுறம்.

எண்ணிப் பாருங்கள். திரைப்படச் சுவரொட்டியின் முதல் கதாநாயகன் கொட்டகையிலே அமர்ந்திருந்த மக்கள்தான்! நடிகன் பிறகு வந்தான். அவனைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்திய காலம் அதற்கும் பிறகு வந்தது.

இரட்டைக் கையொப்பம்

பாரிசிலே விளம்பரமாகப் பிறந்த கலை, மாஸ்கோவிலே புரட்சிக்குப் பின் புதுவடிவம் கொண்டது. 1919ஆம் ஆண்டு லெனினுடைய ஆணை திரைப்படத் தொழிலை நாட்டுடைமையாக்கிற்று. எழுத்தறியாதார் மிகுந்திருந்த அந்த நாட்டிலே, படிக்கத் தெரியாதவனிடமும் பேசக்கூடிய தாள் தேவைப்பட்டது.

அப்போது தோன்றினர் இரு உடன்பிறந்தார்: விளாதிமிர் ஸ்டென்பர்க், கியோர்கி ஸ்டென்பர்க். மாஸ்கோவிலே பிறந்தவர்கள், தந்தை சுவீடன் நாட்டவர். 1923ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக் காலம் இருவரும் இணைந்து ஏறத்தாழ 300 திரைப்படச் சுவரொட்டிகள் தீட்டினர். ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் தொடர்வார். எது அண்ணன் கை, எது தம்பி கை என்று பிரிக்க இயலாது. பிற்பகலிலே படம் பார்த்து, மறுநாள் காலையிலே ஓவியம் கொடுத்த நாள்களும் உண்டு என்று விளாதிமிர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒளிப்படத்தைத் தெளிவாக அச்சிடும் வசதி அன்றைய அச்சகங்களில் இல்லை. இல்லை என்று அவர்கள் அழவில்லை! படச் சுருளின் காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்றைத் தாமே அமைத்தனர். காட்சியைச் சாய்த்தனர், வளைத்தனர். பிறகு கையாலேயே வரைந்தனர்.

சீகா வெர்த்தோவின் 'திரைப்படக் கருவி ஏந்திய மனிதன்' படத்திற்கு 1929ஆம் ஆண்டு அவர்கள் தீட்டிய சுவரொட்டியைக் காணுங்கள். வானளாவிய கட்டடங்கள் நான்கு புறமும் மேலே பாய்கின்றன. நடுவானிலே ஒரு பெண்ணின் உருவம் சுழல்கிறது. எழுத்துகளும் அவளைச் சுற்றி வட்டமிடுகின்றன. அசையாத தாளிலே அசைவைப் பூட்டிய விந்தை அது! அந்த ஓவியங்களின் ஓரத்திலே பெயர் இருக்கும்: ஸ்டென்பர்க், அதன் முன்னும் பின்னும் 2 என்ற எண். இருவர் உழைப்பு, இருவர் உரிமை.

அந்த உரிமைக்கும் ஊறு வந்தது. 1932ஆம் ஆண்டு அரசாணை ஓவியர் குழுக்களைக் கலைத்தது. இப்படித்தான் வரைய வேண்டும் என்ற ஒற்றை முறையும் அதைத் தொடர்ந்து வந்தது. 1933ஆம் ஆண்டிலே கியோர்கி சாலை நேர்ச்சியிலே உயிரிழந்தார். விளாதிமிர் 1982 வரை வாழ்ந்தார். சுவரொட்டி ஓவியனின் கையை நிறுத்தப் பண முதலாளிதான் வேண்டும் என்பதில்லை. கலைக்குச் சட்டம் போடும் அதிகாரியும் அதைச் செய்ய முடியும். எனினும் கையொப்பம் நின்றது. 1997ஆம் ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அந்த உடன்பிறந்தாருக்குத் தனிக் கண்காட்சி நடத்திற்று. பெயர் இருந்ததால்தானே தேடினார்கள்? தேடியதால்தானே கிடைத்தார்கள்?

தொழிலே பெயரானவர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் பம்பாயிலே லூமியர் படம் காட்டப்பட்டது. கல்லச்சு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. இரவிவர்மா 1894இல் பம்பாயிலே அச்சகம் தொடங்கி, தம் வண்ண ஓவியங்களை வீடுதோறும் அனுப்பினார். கோயிலுக்குள் விடப்படாதவன் வீட்டுக்கும் அந்தத் தாள் சென்றது. கடவுள் கதையைச் சுமந்து சென்ற தாள்தான்; ஆயினும் ஓவியம் எல்லோர்க்கும் உரியது என்ற உண்மையையும் அது சுமந்து சென்றது.

கோலாப்பூரிலே 1890இல் பிறந்தவர் பாபுராவ் கிருட்டிணராவ் மேஸ்திரி, கைவினைஞர் குடியினர். நாடகத் திரை எழுதிப் பிழைத்தவர். பிற நாட்டுக் கருவிக்குக் காத்திராமல், தோழர் துணையோடு 1918ஆம் ஆண்டு படக்கருவியைத் தாமே உருவாக்கினார். 1920ஆம் ஆண்டு 'சைரந்திரி' படத்தை வெளியிட்டார். தம் படங்களுக்குத் தாமே சுவரொட்டி தீட்டினார். 1924ஆம் ஆண்டின் 'கல்யாண் கசினா' சுவரொட்டி, எஞ்சியிருக்கும் இந்தியத் திரைப்பட ஓவியச் சுவரொட்டிகளிலே மிகப் பழையது என்று சொல்லப்படுகிறது.

உலகம் அவரை எப்பெயரால் அழைத்தது தெரியுமா? பாபுராவ் பெயிண்டர்! தொழிலே அவருக்குப் பெயராயிற்று. இழிவென்று பிறர் எண்ணிய தூரிகையைப் பட்டமாகச் சூடிக்கொண்ட மனிதர் அவர். ஆனால் அவர் படக்கம்பெனியின் தலைவருமாயிருந்தார். அதனால் பெயர் நிலைத்தது. பம்பாய்த் தெருக்களிலே சாரமேறிச் சதுர அடிக் கணக்கில் கூலி பெற்றுத் திரைப்படத் தட்டி எழுதிய இளைஞர் ஒருவரும் இருந்தார், அவர்தான் எம்.எப். உசேன். பின்னாளிலே அவர் ஓவியம் கோடிக்கணக்கில் விலைபோயிற்று. தட்டியை விட்டிறங்கிக் கலைக்கூடம் புகுந்த பிறகுதான் உலகம் அவர் கையொப்பத்தைப் படித்தது. அவரோடு அதே சாரத்தில் நின்றவர்கள்? அவர்கள் பெயரைச் சாரத்து மூங்கிலிடம்தான் கேட்க வேண்டும்!

சென்னையின் சாரம்

தமிழ்நாட்டிலும் கதை அதுவே. நாடகக் கம்பெனிகளுக்குக் காடும் அரண்மனையும் கடைவீதியும் திரைச்சீலையிலே எழுதித் தந்த ஓவியர்கள் இருந்தனர். 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' பேசிற்று. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக்கொட்டகைகளாயின. திரை எழுதிய கை, தட்டி எழுதப் புறப்பட்டது. வேறு சிலர் நாட்காட்டி ஓவியத்திற்குச் சென்றனர். நாடகத் திரை எழுதிவிட்டுக் கோவில்பட்டியிலே நிலைகொண்டு, சிவகாசி அச்சகங்களின் வழியாக வீடுதோறும் நுழைந்த கொண்டையராஜு அவர்களுள் ஒருவர்.

அந்த உழைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையளவு ஒளிப்படத்தின்மேல் கட்டங்கள் போடுவார் ஓவியர். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியிலும் கட்டங்கள் போடுவார். சிறு கட்டத்தில் உள்ள கண், பெருங்கட்டத்திலே ஆள் உயரமாகும். அருகிலிருந்து பார்த்தால் அது வெறும் வண்ணத் திட்டு; நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும் மோதிக் கிடக்கும். தெருவின் மறுகோடியிலிருந்து பார்த்தால் அது கண்ணீர் ததும்பும் விழி! முகம் எழுதத் தலைமை ஓவியர். உடையும் பின்னணியும் எழுத உதவியாளர். எழுத்து வரைய வேறொருவர். பகுதி பகுதியாக எழுதி, வண்டியிலே ஏற்றி, சாரங்கட்டி, உயரத்திலே இணைப்பார்கள். 1957ஆம் ஆண்டு 'வணங்காமுடி' படத்திற்காகச் சென்னைச் சித்ரா திரையரங்கின் முன்னே சிவாஜி கணேசனின் உருவம் 80 அடி உயரத்திலே எழுந்து நின்றது. அண்ணாந்து பார்த்தவர் ஆயிரமாயிரம். எழுதியவனைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்?

படம் ஓடி முடியும், தட்டி இறங்கும். அதே துணியின்மேல் புது வண்ணம் பூசி, அடுத்த படத்தை எழுதுவார்கள். தாள் சுவரொட்டியின் கதி இன்னும் மோசம். மழை கரைக்கும், மாடு தின்னும், மறுவாரத்துச் சுவரொட்டி மூடும். நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியிலே மறைந்துகிடந்த சோழர் ஓவியத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில் 1931ஆம் ஆண்டு கண்டெடுத்தார் எஸ்.கே. கோவிந்தசாமி. அந்தக் கோயிலின் கல்வெட்டிலே பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் இருக்கின்றன. சுவரில் வண்ணம் தீட்டியவன் பெயரைத்தான் காணோம். ஓவியத்தின்மேல் ஓவியம் எழுதும் வழக்கமும் பழையது. ஓவியனை மறக்கும் வழக்கமும் பழையது!

சுவரொட்டியின் ஓரத்திலே நிறுவனத்தின் பெயர் இருந்ததுண்டு. 'இன்ன ஆர்ட்ஸ்' என்று பார்த்திருப்பீர்கள். அது கடையின் பெயர், கையின் பெயரன்று.

நம்மை நாமே கேட்போம்

திராவிட இயக்கம் திரையுலகிலே செய்த மாற்றங்களுள் ஒன்றைப் பெருமையோடு சொல்வோம். 1949ஆம் ஆண்டு 'வேலைக்காரி', 1952ஆம் ஆண்டு 'பராசக்தி' ஆகிய படங்கள் வந்த காலத்திலே, கதை வசனம் எழுதியவர் பெயரைப் பார்த்துக் கொட்டகைக்கு மக்கள் வரும் நிலை பிறந்தது. எழுத்தாளன் பெயர் சுவரொட்டியிலே ஏறி நின்றது. எங்கோ மறைவிலே கூலிக்கு எழுதியவனை வெளிச்சத்திலே நிறுத்திய புரட்சி அது. நான் மறுக்கவில்லை, மகிழ்கிறேன். ஆனால் அந்தப் பெயரை அழகழகான எழுத்திலே வரைந்தானே, அவன் பெயர்? எழுத்தாளனுக்குத் தந்த நீதியை எழுத்து வரைந்தவனுக்குத் தர மறந்தோமே! சீர்திருத்தம் பேசும் நாம் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடிகனின் நெடிய உருவத்திற்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, குடங்குடமாகப் பால் ஊற்றினோமே! ஓவியன் வரைந்தது மனிதனை. பாலூற்றியவன் ஆக்கியது கடவுளை. கல்லுக்கு ஊற்றாதே என்று பகுத்தறிவு கூறிய நாட்டிலே பலகைக்கு ஊற்றினார்கள்! அந்த வண்ணத்தைக் குழைத்தவன் வீட்டுக் குழந்தைக்கு அன்று பால் இருந்ததா என்று கேட்டவர் உண்டா? முதல் சுவரொட்டியிலே மக்களே கதாநாயகர் என்று முன்பே சொன்னேன். மக்களை வரைந்த கலை, மக்கள் மண்டியிடும் கலையாயிற்று. குற்றம் தூரிகையின் மேலன்று.

2000ஆம் ஆண்டையொட்டிக் கணிப்பொறியும் பிளெக்ஸ் அச்சும் வந்தன. நாட்கணக்கில் எழுதியது மணிக்கணக்கில் அச்சாயிற்று. அறிவியலை நான் பழிக்கவில்லை. செனஃபெல்டரின் கல்லும் அறிவியல்தானே? ஆனால் அந்தக் கல் ஓவியனை உயர்த்திற்று. இந்தப் பொறி அவனை வீட்டுக்கு அனுப்பிற்று. கடைப் பலகை எழுதவும் வீட்டுச் சுவர் பூசவும் போயினர், கண்ணீர் ததும்பும் விழிகளை ஆள் உயரத்திற்கு எழுதியவர்கள். சென்னையிலே இருந்து தெலுங்குப் படங்களுக்கு ஆயிரக்கணக்கில் சுவரொட்டி வரைந்த ஈசுவர், 'சினிமா போஸ்டர்' என்று நூலே எழுதித் தம் தொழிலின் கதையைப் பதிந்தார், நந்தி விருது பெற்றார், 2021இல் மறைந்தார். ஒருவர் எழுதினார். எழுதாமற் போனவர் எத்தனை பேர்!

அந்தப் பின்வரிசைச் சிறுவனிடம் மீண்டும் வருகிறேன். சில நாள் கழித்து அவன் ஓடிவந்தான். அவன் தெருவிலேயே தட்டி எழுதிய முதியவர் ஒருவர் இருக்கிறாராம். அழைத்தோம், வகுப்புக்கு வந்தார். கரும்பலகையிலே கட்டம் போட்டார். சுண்ணக்கட்டி நடுங்கிற்று, கோடு நடுங்கவில்லை. சிறிது நேரத்தில் ஒரு முகம் எங்களை உற்றுப் பார்த்தது. "ஐயா, கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்" என்றேன். கை தயங்கிற்று. "பழக்கமில்லையே தம்பி" என்றார். பிறகு எழுதினார். மாணவர் அனைவரும் ஏட்டில் எழுதிக்கொண்டனர். இந்தக் கட்டுரையிலே அதை வெளியிடலாமா என்று கேட்டேன். "படத்திலே போடாத பேரைப் பத்திரிகையிலே போட்டு என்ன தம்பி?" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

தோழர்களே! ஊருக்கு ஒரு கொட்டகை இருந்தது. கொட்டகைக்கு ஒரு தட்டி இருந்தது. தட்டிக்கு ஒரு கை இருந்தது. அந்தக் கைகளிலே சில இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஆசிரியர்கள் மாணவரை அனுப்பட்டும். மாணவர் கேட்டு எழுதட்டும். எஞ்சிய சுவரொட்டிகளை நூலகங்கள் தேடிச் சேர்க்கட்டும். சேர்த்ததன் கீழே வரைந்தவன் பெயரையும் பொறிக்கட்டும். ஷேரேக்கு விருது வழங்கப் பிரெஞ்சு நாட்டுக்குப் பெருஞ்செல்வம் தேவைப்படவில்லை. ஒரு பெயரைப் படிக்கும் நேர்மைதான் தேவைப்பட்டது. தெருவிலே நின்ற ஏழைக்கு ஓவியம் காட்டியவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. முதல் தவணையாக அவன் பெயரையாவது செலுத்துவோம்!